ஐந்து சீலங்களும் நீக்கப்பட்ட ஏழு சொற்களும்

தேசத்தின் அடிப்படை விழுமியங்கள் என்று பேச ஆரம்பிக்கிறவர்கள், அவை ஏதோ புதையல்போல மண்ணுக்கடியில் கிடந்தன, நாங்கள் தோண்டி எடுத்தோம் என்கிற தோரணையில்தான் பேசுவார்கள். இந்தோனேசியாவின் சுகர்ணோவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார். பஞ்சசீலத்தை உருவாக்கியவன் நானல்ல, இந்த மண்ணிலிருந்து அகழ்ந்தெடுத்தவன் மட்டுமே என்று. (1954-இல் நேருவும் சூ என் லாயும் ஒப்புக்கொண்ட பஞ்சசீலம் வேறு, பெயர்தான் ஒன்று.)

ஆனால் 1945 ஜூன் 1 அன்று, ஜப்பானிய ஆக்கிரமிப்பின் கீழ் அமைக்கப்பட்ட சுதந்திர ஆயத்தக் குழுவின் முன் அவர் பேசியதைப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது. தேசியம், மானுடம், கலந்து பேசி முடிவெடுத்தல், சமூகநலம், கடவுள் நம்பிக்கை என்று ஐந்தை அடுக்குகிறார். கடவுள் கடைசியில்தான் வருகிறார். ஐந்து பிடிக்கவில்லையா, மூன்றாகச் சுருக்கலாம் என்கிறார். மூன்றும் வேண்டாமென்றால் ஒன்றே ஒன்று: கோதோங் ரோயோங், அதாவது ஊர்கூடி ஒருவருக்கொருவர் கைகொடுத்து வேலை செய்வது. இது அகழ்ந்தெடுத்தவர் பேசுகிற பேச்சா? சந்தையில் பேரம் பேசுகிறவரின் பேச்சு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பிரதியின் பலமே இந்தப் பேரத்தில்தான் இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து, ஜூன் 22 வரைவில், கடைசியிலிருந்த கடவுள் முதலிடத்துக்கு ஏறிவிட்டார். கூடவே ஏழு சொற்கள் சேர்ந்தன: இஸ்லாத்தைப் பின்பற்றுவோர் ஷரீஅத்தைக் கடைப்பிடிக்கும் கடமையுடன் என்று. ஆகஸ்டு 17 சுதந்திரப் பிரகடனம். மறுநாள் காலை, கிழக்குத் தீவுகளின் கிறிஸ்தவர்கள் இதை ஏற்கமாட்டார்கள் என்பதைக் காட்டி ஹத்தா முஸ்லிம் தலைவர்களிடம் பேசுகிறார். ஏழு சொற்களும் போயின. கடவுளுக்கு ‘ஏகன்’ என்கிற அடைமொழி மட்டும் மிஞ்சியது. எந்த மதத்தின் ஏகன்? அதைச் சொல்லாமல் விட்டார்கள். தேசம் உடையாமல் நின்றது இந்தச் சொல்லாமல் விட்டதால்தான். விட்டுக்கொடுத்த தரப்புக்கு அது ஆறாத மனக்குறையாகவும் இருந்தது. 2002-இல்கூட அச்சொற்களைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சி நடந்து தோற்றது.

சொல்லாமல் விட்ட இடத்தை யார் நிரப்புவது என்பதுதான் பிறகு நடந்த அரசியல் முழுவதும். ‘ஏக கடவுள்’ என்றால் மதம் என்பதற்கு அரசு ஓர் அச்சு வைத்திருக்கிறது என்று அர்த்தம். பாலித் தீவின் இந்துக்கள் தங்கள் எண்ணற்ற தேவதைகளுக்கு மேலே சங்யாங் விதி என்ற ஒற்றைக் கடவுளை முன்னிறுத்தி, 1950-களின் இறுதியில்தான் அங்கீகாரம் பெற்றார்கள். படைப்புக் கடவுளே இல்லாத பௌத்தம்கூட ஆதிபுத்தரைக் கடவுளாகக் காட்டவேண்டி வந்தது. விழுமியத்துக்கு மனிதர்கள் பொருந்தவேண்டும் என்றாகிவிட்டது, பாருங்கள்.

1965 அக்டோபர் 1 விடியலில் ராணுவ ஜெனரல்கள் ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். பழி கம்யூனிஸ்டுக் கட்சி மேல் விழுந்தது. அடுத்த சில மாதங்களில் ராணுவமும் அது ஆயுதம் கொடுத்து ஏவிவிட்ட கும்பல்களும் கொன்றவர்கள் குறைந்தது 5 லட்சம் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் மதிப்பீடு. கம்யூனிஸ்டு என்றால் கடவுளற்றவன், கடவுளற்றவன் என்றால் பஞ்சசீலத்துக்குப் புறம்பானவன், அதற்குப் புறம்பானவன் தேசத்துக்கே புறம்பானவன். இந்தச் சமன்பாட்டில் எங்கே கொலை நியாயமாகிறது என்று தனியாகக் கோடிட்டுக் காட்ட முடியாது. உயிருக்குப் பயந்து எத்தனையோ ஜாவானியர்கள் அவசர அவசரமாக ஏதாவதொரு மதத்தில் பெயரெழுதிக்கொண்டார்கள். அக்டோபர் 1-க்கு சுகார்த்தோ ஆட்சி வைத்த பெயர் ‘பஞ்சசீலத்தின் சக்தி நாள்’. சக்தி என்கிற சொல்லையே பயன்படுத்தினார்கள். பலி கேட்கிற தெய்வத்துக்குப் பொருத்தம்தான்.

பிறகு வந்தது வகுப்பறை. 1978 முதல் அரசு ஊழியர், மாணவர் எல்லோருக்கும் பஞ்சசீலப் பயிற்சி. சுகார்த்தோ தன்னை எதிர்ப்பவர்களையெல்லாம் பஞ்சசீலத்தின் எதிரிகளாக்குகிறார் என்று 1980-இல் 50 பேர் கையெழுத்திட்டு மனு கொடுத்தார்கள். அதில் முன்னாள் பிரதமர் நாத்சிரும் ஒருவர். நெருக்கடி அவர்கள் மேல்தான் பாய்ந்தது. 1985 சட்டங்களோ கட்சிகள் மட்டுமல்ல, மதச் சங்கங்கள்கூட பஞ்சசீலத்தையே ஒரே அடிப்படையாக ஏற்கவேண்டும் என்றன. தேசம் கற்பிதமான சமூகம் என்ற ஆண்டர்சனின் 1983-ஆம் ஆண்டு நூலை நம்மில் பலர் ஐரோப்பியத் தேசியம் பற்றிய சங்கதியாக வாசித்துவிட்டோம். அவர் இந்தோனேசிய ஆய்வாளர். 1965 குறித்த அதிகாரபூர்வக் கதையைக் கேள்வி கேட்டதால் 1972-இல் வெளியேற்றப்பட்டு, சுகார்த்தோ விழும்வரை அந்நாட்டுக்குள் கால்வைக்க முடியாமல் இருந்தவர். கற்பிதத்தைக் காவல் காக்கத் துப்பாக்கி தேவைப்படுவதை அருகிலிருந்து பார்த்தவர்.

1998-இல் சுகார்த்தோ வீழ்ந்ததும் கட்டாயப் பயிற்சி ரத்தானது. ஒரே அடிப்படை என்பதும் போயிற்று. கன்பூசிய மதத்துக்கு 2000-க்குப் பின் மறுபடி இடம் கிடைத்தது. ஆனால் பஞ்சசீலத்தின் பெயரால் தடைசெய்கிற கை ஓய்ந்துவிடவில்லை. 2017-இல் ஹிஸ்புத் தஹ்ரீர் கலைக்கப்பட்டது அதன் பெயரால்தான். அந்த இயக்கத்தின் கிலாஃபத் கனவு எனக்கு உவப்பானதல்ல. ஆனாலும் நீதிமன்றத்துக்குப் போகாமலே ஓர் அமைப்பைக் கலைக்கும் அதிகாரத்தை அரசு அவசரச் சட்டத்தால் எடுத்துக்கொண்டதே, அது அடுத்து யார் மேல் பாயும் என்று சொல்ல முடியாது.

அதே 2017 நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் இன்னொன்று செய்தது. அடையாள அட்டையின் மதக் கட்டத்தை அதுவரை காலியாக விடவேண்டியிருந்த ஆதிநம்பிக்கைக்காரர்களும் இனி அதை நிரப்பலாம் என்றது. அவர்கள் அட்டையில் அச்சாகிற வாசகம் ‘ஏக கடவுள் மீதான நம்பிக்கை’. மூதாதையரையும் மலையையும் வணங்குகிறவர்களுக்கும் அதே வாசகம்தான். கடவுள் இல்லை என்கிறவருக்கு அந்தக் கட்டத்தில் எழுத இன்னும் ஒன்றுமில்லை.