உப்பு பிடித்த குழாய்: முறுக்காதீங்க, ஊற வையுங்க

போன மாதம் எங்க வீட்டுக் குளியலறையில் ஷவர் குழாய் சொட்ட ஆரம்பித்தது. எவ்வளவு இறுக்கி மூடினாலும் நிற்கவில்லை. ராத்திரி ஒரு வாளியை வைத்துப் பார்த்தேன். விடியும்போது முக்கால் வாளி நிறைந்திருந்தது. வாஷர் தேய்ந்து போச்சு, அவ்வளவுதான். பத்து ரூபாய் சாமான். ஆனால் அதை மாற்றக் கைப்பிடியைக் கழற்ற வேண்டுமே! அது அசையவே இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒரு குழாயைப் பெரிய பைப் ரெஞ்ச் போட்டு, இரண்டு கையாலும் முறுக்கினேன். குழாய் கழன்றது, சுவருக்குள் இருந்த எல்போவோடு சேர்ந்து. டைல்ஸை உடைத்து, சுவரைக் கொத்தி, கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் கூலி கொடுத்து, ஒரு வாரம் கிணற்றடியில் குளித்தோம். அதனால் இந்த முறை ரெஞ்சைத் தொடவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது, எது பிடித்திருக்கிறது என்பதை. வெள்ளையாகப் படிந்திருந்தால் அது சுண்ணாம்பு உப்பு. செம்மண் நிறத்தில் இருந்தால் இரும்புத் துரு. இரண்டுக்கும் மருந்து வேறு. சுண்ணாம்பைப் புளிப்பு கரைக்கும், எண்ணெய் கரைக்காது. துருவுக்குள் எண்ணெய் இறங்கும். நம்மில் பலர் எடுத்த எடுப்பில் எண்ணெயை ஊற்றிவிடுகிறோம். வெள்ளை உப்பின் மேல் எண்ணெய் பட்டால், பிறகு புளிப்பு உள்ளே இறங்குவது கஷ்டம். உப்பாக இருந்தால் புளிப்பு முதலில், எண்ணெய் கடைசியில்.

எங்க போர் தண்ணீரைச் சோதித்தபோது கடினத்தன்மை லிட்டருக்கு 900 மில்லிகிராம் என்று வந்தது. இந்தியக் குடிநீர்த் தர அளவு 200. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை போகலாம். சொட்டுநீர்க் குழாயின் துளையை அடைக்கிற அதே உப்புதான் குளியலறைக் குழாயையும் பிடிக்கிறது.

"கடையில ஆசிட் இருக்கே, ஊத்தினா பொசுபொசுன்னு கரைஞ்சுடும்" என்றார் பக்கத்துத் தோட்டக்காரர். கரையும்தான். குழாயின் பளபளப்புப் பூச்சையும் பித்தளையையும் சேர்த்து அரிக்கும். அதோடு எங்க குளியல் தண்ணீர் நேரே வாழைப் பாத்திக்குப் போகிறது. அந்த ஆசிட்டில் இருக்கும் குளோரைடு மண்ணில் தங்கும். ஏற்கெனவே உப்புத் தண்ணீர் பாய்கிற மண்ணுக்கு அது வேறயா? எலுமிச்சை உப்பையும் வினிகரையும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும்.

மேல்தொட்டி வால்வை மூடிவிட்டு, வேறொரு குழாயைத் திறந்து பைப்பில் இருந்த தண்ணீரை வடித்தேன். திருகாணி விழுந்து தொலையாமல் தரைச் சல்லடை மேல் துணி போட்டேன். கைப்பிடியின் நடுவில் உள்ள சின்ன மூடியைக் கத்தி முனையால் நெம்பி, உள்ளே இருந்த திருகாணியைக் கழற்றினேன். இதன் தலை தேய்ந்திருந்தால், ஸ்க்ரூடிரைவர் முனைக்கும் அதற்கும் நடுவில் ஒரு ரப்பர் பேண்டை வைத்து அழுத்தித் திருப்புங்கள், பிடிப்பு கிடைக்கும்.

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 100 கிராம் எலுமிச்சை உப்பைக் கரைத்து, பழைய பனியனை நனைத்துக் கைப்பிடியின் அடியில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பையால் கட்டினேன். சின்னச் சின்னக் குமிழி வரும். சுண்ணாம்பு கரைந்து கரியமில வாயு வெளியேறுகிறது என்று அர்த்தம். ஒரு மணி நேரம் விட்டு, கழுவி, மறுபடி புதுத் துணி. நான்கு தடவை. ராத்திரி முழுக்க விட்டால் பூச்சு மங்கும், அதனால் இடைவெளி விட்டுச் செய்தேன். புளிக்கரைசலையும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். பித்தளை பளிச்சென்று ஆனது, தடித்த உப்புக்கு ஆகவில்லை, சக்கைதான் மிச்சம். ஒரு எச்சரிக்கை: எந்தப் புளிப்போடும் பிளீச்சிங் பவுடர் சேரக்கூடாது. விஷவாயு வரும்.

கடைசியில் துணி சுற்றி, கொதிநீரை மெல்ல ஊற்றினேன். வெளியில் இருக்கும் பாகம் முதலில் சூடாகி விரிய, நடுவில் இருக்கும் உப்பு விரிசல் விடும். தீ காட்டாதீங்க, உள்ளே ரப்பர் வளையம் இருக்கு. பிறகு மரக்கட்டையால் சுற்றிலும் லேசாகத் தட்டி, கையால் அப்படியும் இப்படியும் ஆட்டினேன். கைப்பிடி வந்துவிட்டது.

உள்ளே இருந்த ஸ்பிண்டிலுக்கும் அதே வைத்தியம்தான். அதைத் திருப்பும்போது முதலில் மூடும் பக்கமாக ஒரு நூலளவு இறுக்கி, பிறகு திறக்கும் பக்கமாகத் திருப்புங்கள். பிடிப்பு விடுகிற 'கிறீச்' சத்தம் கையிலேயே தெரியும். வெளியே தெரிகிற குழாயாக இருந்தால் ஒரு ஸ்பேனர் குழாயின் உடம்பைப் பிடிக்கணும், இன்னொன்று திருப்பணும். ஒற்றை ஸ்பேனரில் திருப்பினால் பாரம் முழுக்கச் சுவருக்குள் இருக்கும் எல்போ மேல் விழும். என் பழைய டைல்ஸ் அப்படித்தான் போச்சு.

வாஷரை மாற்றி, மரையைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் கழுவித் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் தடவிப் பூட்டினேன். இப்போதெல்லாம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சொட்டுநீர் வடிகட்டியைக் கழுவும் நாளிலேயே, வீட்டில் உள்ள எல்லா வால்வையும் முழுக்க மூடித் திறந்து வைக்கிறேன். மேல்தொட்டி வால்வு மட்டும் இன்னும் பாதியில் நிற்கிறது. அது இரும்புத் துரு; அதற்கு எண்ணெய் விட்டு இன்றோடு மூன்று நாள்.