வெள்ளை அங்கிக்கு முன் – 5: புள்ளி கேட்கும் வாசல்

அமெரிக்காவில் வைத்தியராக விரும்புபவர் பொதுவாக நான்கு வருடப் பட்டப்படிப்பை முதலில் முடிக்கிறார். அதோடு மருத்துவக் கல்லூரி அனுமதிக்கான எம்கேட் பரீட்சை, பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், வைத்தியசாலையில் தொண்டு செய்த அனுபவம், தன்னைப் பற்றிய கட்டுரை எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிறகு நேர்முகத் தேர்வு. கண்டியிலிருந்து பேராதனை மருத்துவ பீடத்துக்குப் போக நினைக்கும் பிள்ளையிடம் இவை எதுவும் கேட்கப்படுவதில்லை. கேட்கப்படுவது உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி.

அந்தப் புள்ளி எப்படி வருகிறது என்பதை விளங்கிக்கொண்டால் படிக்கும் முறையே மாறும். ஒரு பாடத்துக்குத் தோற்றிய எல்லோரினதும் சராசரியை விட நீங்கள் எவ்வளவு மேலே நிற்கிறீர்கள் என்பதை அந்தப் பாடப் புள்ளிகளின் பரவலோடு ஒப்பிட்டுக் கணக்கிடுகிறார்கள். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றினதும் சராசரிதான் உங்கள் இசட் புள்ளி. மூன்றுக்கும் ஒரே எடை. உயிரியலில் உங்களோடு போட்டியிடுவது உயிரியல் பிரிவு மாணவர்கள். பௌதிகவியலிலோ கணிதப் பிரிவு மாணவர்களும் அதே வினாத்தாளுக்கு விடை எழுதுகிறார்கள். உயிரியல் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் பலர் வழுக்கி விழுவது இங்கேதான். பல்தேர்வு வினாத்தாளில் இரண்டு மணித்தியாலத்துக்கு 50 வினாக்கள். ஒன்றுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. கடந்தகால வினாத்தாள்களை மணிக்கூட்டை முன்னால் வைத்துக்கொண்டு செய்து பழகாதவருக்கு, தெரிந்த கணக்கும் நேரத்துக்குள் முடியாது.

அடுத்தது மாவட்டம். அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் தகைமைக்கும், 55 சதவீதம் சனத்தொகை விகிதப்படி மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன, கண்டி இல்லை. அதனால் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் லயத்துக் காம்பராவில் இருந்து படிக்கும் பிள்ளைக்கும், கண்டி நகரத்தின் பெரிய பாடசாலையில் படித்து வார இறுதியில் பெயர்பெற்ற ஆசிரியரிடம் ரியூஷனுக்குப் போகும் பிள்ளைக்கும் வெட்டுப்புள்ளி ஒன்றே. இருவருக்கும் மாவட்டம் ஒன்று, ஆய்வுகூடம் ஒன்றல்ல. தோட்டப்புறத்துத் தமிழ்மொழிப் பாடசாலைகளுக்கு விஞ்ஞான ஆசிரியர்களைக் கொடுக்காமல் இந்த ஒதுக்கீட்டை நியாயம் என்று சொல்ல என்னால் முடியாது.

பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வாங்கி வரிக்கு வரி வாசியுங்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் தனிக் குறியீடு உண்டு. உண்மையில் நீங்கள் விரும்பும் வரிசையிலேயே அவற்றை எழுதுங்கள். போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயந்து, விரும்பியதைக் கீழே தள்ளாதீர்கள். மருத்துவத்துக்குப் பிறகு என்ன என்பதையும் நிதானமாக யோசியுங்கள். பேராதனையிலேயே பல் மருத்துவ பீடம் இருக்கிறது. நாட்டின் ஒரே மிருக வைத்திய பீடமும் அங்கேதான். மருத்துவம் தவறினால் வாழ்க்கையே தவறியதாக வீட்டில் பேசுவதைப் பெற்றோர் தயவுசெய்து நிறுத்த வேண்டும்.

இனி, விண்ணப்பப் படிவம் கேட்காத ஒன்றைப் பற்றி. பரீட்சை முடிந்து பெறுபேறு வரப் பல மாதங்கள். அதன்பிறகு வெட்டுப்புள்ளி, பதிவு என்று மேலும் பல மாதங்கள். இந்தக் காலத்தைப் பலர் வெறுமனே காத்திருந்தே கழிக்கிறார்கள். மருத்துவ பீடத்தில் விரிவுரைகள் ஆங்கிலத்தில். வார்ட்டில் நோயாளிகளில் பெரும்பாலானோர் பேசுவது சிங்களம். தமிழில் படித்து மேலே வந்த பிள்ளை இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டும். ஆகவே இரண்டையும் இப்போதே தொடங்குங்கள்.

அதோடு நோயாளிக்குப் பக்கத்தில் போங்கள். கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனை போதனா வைத்தியசாலைக்கோ கிளினிக் நாளில் முதல் பஸ்ஸில் வரும் தோட்டத்து அம்மாவைப் பாருங்கள். கையில் உறை போட்ட கிளினிக் கொப்பி, நம்பர் துண்டு. வலி எங்கே, எப்போதிருந்து, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதெல்லாம் அவருக்குத் தெளிவாகத் தெரியும். ஆனால் அதைச் சிங்களத்தில் சொல்லத் தெரியாமல், கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு மருந்தோடு திரும்புகிறார். உங்கள் அயலில் அப்படி ஒருவர் இருந்தால் அவரோடு கூடப் போங்கள். அவர் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். வைத்தியர் சொல்வதை அவருக்கு விளங்கும் வரை திருப்பிச் சொல்லுங்கள். முதலுதவிப் பயிற்சி ஒன்றையும் முடித்து வையுங்கள்.

இதற்கு யாரும் உங்களுக்குப் புள்ளி போட மாட்டார்கள். ஆனால் இந்தத் தொழில் உங்களுக்குப் பிடிக்குமா என்பதை ஐந்து வருடப் படிப்புக்கும் ஒரு வருட உள்ளகப் பயிற்சிக்கும் முன்பே நீங்கள் அறிந்துகொள்ளலாம். பிடிக்கவில்லை என்று தெரிந்தாலும் அது நட்டமல்ல.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் இசட் புள்ளியைக் கேட்கும் அதே அக்கறையோடு, நோயாளியைக் கண்டால் அந்தப் பிள்ளைக்கு மனம் இளகுகிறதா என்றும் பாருங்கள். நாளைக்கு அந்தக் கையை நம்பித்தான் ஊர் வரிசையில் நிற்கப்போகிறது.

(அடுத்த வாரம்: இரண்டாம் தடவை தோற்றுவதா, வேண்டாமா?)