சாலையோர மரங்களும் ஆபத்து மதிப்பீடும்: பெங்களூரு தரும் பாடம்

பெங்களூரில் ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை இடியும் சூறைக்காற்றுமாக வருகிறது. ஓரிரு மணி நேரத்திற்குள் பல இடங்களில் மரங்கள் சாய்கின்றன; மின்கம்பிகள் அறுந்து விழுகின்றன; சில வேளைகளில் உயிரிழப்பும் நேர்கிறது. மறுநாள் இரு கோரிக்கைகள் எழுகின்றன. பழைய மரங்களை எல்லாம் அகற்ற வேண்டும் என்பது ஒன்று. ஒரு கிளையையும் தொடக்கூடாது என்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையே தக்க முடிவைக் காண உதவும் முறையே மர ஆபத்து மதிப்பீடாகும்.

நகரின் மரச் செல்வம்

பெங்களூரின் மரங்கள் தற்செயலாக வளர்ந்தவை அல்ல. 1760-ல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக் பூங்காவை 1908 முதல் 1932 வரை நிர்வகித்த ஜெர்மானியத் தாவர இயலார் ஜி. எச். கிரும்பீகல், ஆண்டு முழுவதும் ஒன்றையடுத்து ஒன்று பூக்கும் வகையில் சாலை மரங்களைத் தேர்ந்தார். மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட குல்மோகரும், அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து வந்த தூங்குமூஞ்சி மரமும் நகரச் சாலைகளுக்கு நிழல் தருகின்றன. மரங்கள் உள்ள சாலைகளில் பிற்பகல் காற்றின் வெப்பம் 5.6 டிகிரி செல்சியஸ் வரையிலும், சாலைப் பரப்பின் வெப்பம் 27.5 டிகிரி வரையிலும் குறைந்திருந்ததை 2013-ல் வெளியான பெங்களூரு ஆய்வு ஒன்று காட்டியது.

இந்நன்மை பல்லாயிரம் பேருக்கு நாள்தோறும் சிறிது சிறிதாகக் கிடைப்பதால் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. இழப்போ ஒரு குடும்பத்தின் மீது ஒரே நொடியில் விழுகிறது. ஆகவே இரண்டையும் ஒருங்கே எடைபோடுவது அவசியமாகிறது.

மூன்று வினாக்கள்

மதிப்பீடு மூன்று வினாக்களைக் கொண்டது. மரமோ கிளையோ முறியும் வாய்ப்பு எவ்வளவு? முறிந்தால் அவ்விடத்தில் மக்கள் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? விளையும் சேதம் எத்தகையது?

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு பெரிய கிளை ஓராண்டில் முறியும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்றும், அது விழுந்தால் உயிர் போகும் என்றும் வைத்துக்கொள்வோம். அதன் கீழே பேருந்து நிறுத்தம் இருந்து, நாளில் கால் பங்கு நேரம் அங்கு ஆட்கள் நின்றால், ஆபத்து 400-ல் ஒன்றாகும். அதே மரம் ஆண்டில் ஏறத்தாழ 9 மணி நேரமே மனித நடமாட்டமுள்ள பூங்கா மூலையில் நின்றால், ஆபத்து 1,00,000-ல் ஒன்றாகக் குறையும். மரம் ஒன்றே, ஆபத்து வேறு. நிறுத்தத்தைச் சற்றுத் தள்ளி அமைத்தாலே, கோடாரியின்றி ஆபத்து நீங்கக்கூடும்.

பிரிட்டனில் மரம் விழுந்து ஆண்டுதோறும் சுமார் 6 பேர் இறக்கின்றனர். அது 1 கோடி மக்களில் ஒருவர் என்ற அளவாகும். அந்நாட்டில் பொதுமக்கள் மீது சுமத்தப்படும் ஆபத்திற்கு ஆண்டுக்கு 10,000-ல் ஒன்று என்பதே ஏற்கத்தக்க உச்ச வரம்பாகக் கொள்ளப்படுகிறது. இத்தகைய வரம்பு ஒன்று இருந்தால்தான் எதனை முதலில் கவனிப்பது என்று அலுவலர் முடிவு செய்ய இயலும்.

காண வேண்டிய அறிகுறிகள்

முதலில் சாலை நெடுகச் சென்று மரங்களை மேலோட்டமாகப் பார்ப்பது. அடுத்து, ஐயத்திற்குரிய மரத்தைச் சுற்றிவந்து வேர் முதல் உச்சி வரை ஆராய்வது. தேவைப்படின் கருவிகளால் சோதிப்பது என ஆய்வு மூன்று படிகளாக நடைபெறுகிறது. அடிமரத்தில் தட்டுக் காளான், பொந்து, கவைகளில் பிளவு, ஒரு புறம் மண் மேலெழுந்த புதிய சாய்வு, பட்டுப்போன கிளை ஆகியவை எச்சரிக்கைகளாம். மரச்சுத்தியால் தட்டினால் எழும் ஓசை உட்குழிவை உணர்த்தும். ஒலியலைக் கருவி உள்நிலையைத் தெளிவாக்கும். பொந்து இருப்பதாலேயே மரம் வீழ்ந்துவிடாது. சுற்றிலும் எஞ்சிய உறுதியான கட்டை அடிமர ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருந்தால், அது பெரும்பாலும் தாங்கும் என்பது ஒரு வழிகாட்டு அளவு; இறுதித் தீர்ப்பு அன்று.

மனிதன் விளைவிக்கும் ஆபத்து

மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் ஒரு மீட்டர் ஆழத்திற்குள்ளேயே பரவுகிறது. வடிகாலுக்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டும்போது அறுபடுவது இவ்வேர்களே. நடைபாதைக் கான்கிரீட் அடிமரத்தை நெருக்க, நீரும் காற்றும் புகாமல் எஞ்சிய வேர்களும் நலிகின்றன. மின்கம்பிக்காக ஒரு புறக் கிளைகளை மட்டும் வெட்டுவதால் மரம் சமநிலை இழக்கிறது. காற்று இறுதிக் காரணமே; ஆதிக் காரணம் பல ஆண்டுகளுக்கு முன் தோண்டிய பள்ளமாக இருக்கலாம். மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் வரை கான்கிரீட்டை அகற்றுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் டெல்லிக்கு இட்ட ஆணை பிற நகரங்களுக்கும் பொருந்தத்தக்கது.

செய்ய வேண்டுவன

கர்நாடக மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1976-ன்படி மரத்தை வெட்ட மர அலுவலரின் அனுமதி தேவை. அந்த அனுமதிக்கு எழுத்து வடிவிலான மதிப்பீடு அடிப்படையாக அமைவது நலம். ஒவ்வொரு மரத்திற்கும் எண், இனம், குறைபாடு, கீழுள்ள நடமாட்டம், எடுத்த நடவடிக்கை ஆகியவை கொண்ட பதிவேடு வேண்டும். 2025-ல் பெங்களூரு ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டதால், பொதுவான பதிவு முறை மேலும் அவசியமாகிறது. பேருந்து நிறுத்தம், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றின் அருகிலுள்ள முதிர்ந்த மரங்களைக் கோடை மழைக்கு முன்பே ஆய்ந்துவிட வேண்டும். சாலையைத் தோண்ட அனுமதி தருமுன் மர அலுவலரின் கருத்தைக் கேட்பதும் முறையாகும்.

எந்த மரத்தையும் முற்றிலும் ஆபத்தற்றதாக்க இயலாது. ஆனால், உரிய காலத்தில் பார்த்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய ஓர் உயிரிழப்பை இயற்கைச் சீற்றம் என்று எழுதி முடிப்பது பொறுப்புள்ள நிர்வாகத்திற்கு அழகன்று.