பள்ளம் வெட்டும் லேத்துக்கு யார் வாரிசு?

உங்க வீட்டில் பழைய எல்.பி. ரெக்கார்டு ஒன்றாவது இருக்கிறதா? இருந்தால் ஜன்னல் வெளிச்சத்தில் அதைக் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். பாட்டு முடியும் இடத்துக்கும் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளுக்கும் இடையே வழவழப்பான ஒரு வளையம் தெரியும். அதில் சில எண்களும் எழுத்துகளும் இருக்கும். சில ரெக்கார்டுகளில் அவை முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கும். சிலவற்றில் கையால் கீறியிருப்பார்கள். இங்கிலாந்தில் ஜார்ஜ் பெக்கம் என்பவர் 'போர்க்கி' என்ற தன் பட்டப்பெயரைக் கீறிவைப்பது வழக்கம். அந்தக் கீறலுக்காகவே தேடி வாங்குகிறவர்கள் இன்றும் உண்டு.

இந்த ஜார்ஜ் பெக்கம் பாடகர் இல்லை, இசையமைப்பாளரும் இல்லை. பாட்டைத் தட்டில் வெட்டியவர். ரெக்கார்டை 'அழுத்தி' எடுக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். அதற்கு முன்னால் யாரோ ஒருவர் ஓர் இயந்திரத்தில் உட்கார்ந்து அந்தப் பள்ளத்தை வெட்டியாக வேண்டும் என்பதை நாம் அவ்வளவாக யோசிப்பதில்லை.

நான் பெர்லினில் இருக்கிறேன், வேலை மென்பொருள். வாரத்தில் ஐந்து நாள் திரையைப் பார்த்தே கழிந்துவிடும். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மட்டும், ரெக்கார்டு வெட்டும் லேத் வைத்திருக்கும் ஒரு சின்ன ஸ்டூடியோவுக்குப் போகிறேன். அப்பா கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தவர். கூலன்ட் வாசனையில் வளர்ந்த பையன் என்று சொன்னதும்தான் அங்கே இருக்கும் பெரியவர் என்னை உள்ளே விட்டார்! அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இந்த இயந்திரத்தோடு நாற்பது வருடப் பழக்கம்.

பேர்தான் லேத்

பட்டறை லேத்தில் வேலைப்பொருள் சுற்றும், டூல் நகர்ந்து சீவும். இங்கேயும் அதே கதைதான். தட்டு படுக்கையாகச் சுற்றுகிறது. மேலே ஒரு லீட் ஸ்க்ரூ, வெட்டும் தலையை விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்ல நகர்த்துகிறது. தலையின் முனையில் நீலக்கல்லோ மாணிக்கக்கல்லோ வைத்த ஊசி. ஊசியில் மெல்லிய கம்பி சுற்றி, மின்சாரம் கொடுத்துச் சூடாக்குவார்கள். சூடு குறைந்தால் பள்ளத்தின் சுவர் சொரசொரப்பாகி இரைச்சல் வரும். கூடினால் பள்ளத்தின் ஓரம் மேடு கட்டும்.

வெட்டப்படும் தட்டுக்கு 'லேக்கர்' என்று பெயர். அலுமினியத் தட்டின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. நெயில் பாலிஷ் குடும்பத்தைச் சேர்ந்த பொருள், வாசனையும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். வெட்டும்போது தலைமுடி போல ஒரு சுருள் வந்துகொண்டே இருக்கும். ஊசிக்குப் பக்கத்தில் ஒரு உறிஞ்சு குழாய் அதை இழுத்துவிடும். இழுக்கத் தவறினால் சுருள் ஊசியில் சிக்கி முழுத் தட்டும் வீண். அந்தச் சுருள் தீப்பொறி பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். அதனால் தண்ணீர் உள்ள ஜாடியில்தான் சேர்ப்பார்கள். இந்த அறையில் சிகரெட் பற்ற வைக்க நினைப்பவருக்குப் பெரியவரிடமிருந்து கிடைக்கும் வசவை நான் இங்கே எழுத முடியாது.

வெட்டும் தலைக்குள் இரண்டு காயில்கள், இடது சேனலுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் 45 டிகிரி சாய்வில் ஊசியைத் தள்ளும். ஆகவே V வடிவப் பள்ளத்தின் ஒரு சுவரில் இடது, மறு சுவரில் வலது. 1957-இல் வெஸ்ட்ரெக்ஸ் நிறுவனம் இந்த முறையைக் காட்டியது. இன்றுவரை ஸ்டீரியோ ரெக்கார்டு என்றால் இதுதான்.

ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி

எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும். ஒரு பக்கம் 20 நிமிடம் என்றால் ஏறக்குறைய 667 சுற்று. இத்தனையும் எட்டரை சென்டிமீட்டர் அகலத்துக்குள் அடங்க வேண்டும். சராசரியாக ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 0.13 மில்லிமீட்டர்! பள்ளத்தை நீட்டிப் பிடித்தால் 400 மீட்டருக்கு மேல் வரும்.

தாழ்ந்த ஒலிக்கு ஊசி அகலமாக ஆடும். அதை அப்படியே வெட்டினால் பக்கத்துப் பள்ளத்தில் போய் முட்டிவிடும். எனவே வெட்டும்போது தாழ்ந்த ஒலியைக் குறைத்து, உயர்ந்த ஒலியைக் கூட்டுகிறார்கள். 20 ஹெர்ட்ஸில் ஒலி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. வீட்டு ஆம்ப்ளிஃபயரில் உள்ள 'ஃபோனோ' இணைப்பு இதைத் திருப்பிப் போட்டுச் சரிசெய்கிறது. 1954 முதல் இதற்கு ஆர்.ஐ.ஏ.ஏ. என்று ஒரே அளவுமுறை. ரெக்கார்டு பிளேயரைச் சாதாரண 'ஆக்ஸ்' துளையில் செருகினால் சத்தம் சோகையாகக் கேட்பது இதனால்தான்.

அப்படியும் சத்தமான இடத்தில் பள்ளங்கள் தள்ளி இருக்க வேண்டும், அமைதியான இடத்தில் நெருங்கி இருக்கலாம். அடுத்து வரப்போவது சத்தமா அமைதியா என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? பழைய டேப் மெஷின்களில் இதற்கென்றே கூடுதலாக ஒரு தலை இருந்தது. அரைச் சுற்றோ ஒரு சுற்றோ முன்னதாகவே இசையை அது படித்துச் சொல்லும், லீட் ஸ்க்ரூவின் வேகம் அதற்கேற்ப மாறும். இப்போது கணினியிலிருந்து ஒரே கோப்பை இரண்டாக அனுப்புகிறோம். ஒன்று முன்னால் போய்த் தகவல் சொல்லும், மற்றது பின்னால் வந்து வெட்டப்படும். அந்தச் சிறு நிரலை எழுதியதுதான் இந்த ஸ்டூடியோவில் என் படிப்பு நேரடியாக உதவிய முதல் இடம்.

எண்ணெய், ரப்பர், ஹீலியம்

எங்கள் இயந்திரம் நாய்மன் வி.எம்.எஸ் 70. கேயோர்க் நாய்மன் 1928-இல் இதே பெர்லினில் தொடங்கிய நிறுவனம் அது. இன்று மைக்குகளுக்குத்தான் அந்தப் பெயர் பிரபலம். 1991-இல் சென்ஹைசர் அதை வாங்கிக்கொண்டது. இந்த லேத்துகளின் உற்பத்தி நின்றுபோய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. அதாவது, உலகத்தில் புதிதாக அழுத்தப்படும் ரெக்கார்டுகளில் பெரும்பங்கு, நம்மில் பலருடைய வயதைவிட மூத்த இயந்திரங்களில் வெட்டப்பட்டது.

பராமரிப்பு என்றால் என்ன? தட்டை உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் வளையங்கள் காய்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பது. லீட் ஸ்க்ரூவைத் துடைத்து எண்ணெய் போடுவது. ஆம்ப்ளிஃபயர் பெட்டிகளில் வறண்டுபோன கெப்பாசிட்டர்களைக் கண்டுபிடித்து மாற்றுவது. வேகம் சரியா என்று ஸ்ட்ரோப் விளக்கில் பார்ப்பது. பிறகு, பாட்டே இல்லாமல் ஒரு வெற்றுப் பள்ளம் வெட்டி மைக்ரோஸ்கோப்பில் அகலத்தை அளப்பது. அந்த மௌனத்தையே ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்பது. மௌனம் நன்றாக இருந்தால்தான் அன்றைக்கு வேலை தொடங்கும்.

எல்லாவற்றிலும் நுட்பமானது வெட்டும் தலை. உயர்ந்த ஒலிகள் அதிகம் வந்தால் காயில் சூடாகும். அதனால் உள்ளே ஹீலியம் வாயு செலுத்திக் குளிர்விக்கிறார்கள். மீறிப் போனால் காயில் எரிந்துவிடும். மறுபடி காயில் சுற்றித் தருபவர்கள் உலகத்திலேயே சிலர்தான், காத்திருப்பு மாதக்கணக்கில் போகும்.

தட்டின் கதையும் அப்படித்தான். லேக்கர் தட்டு செய்யும் பெரிய தொழிற்சாலைகள் உலகில் இரண்டே இரண்டு இருந்தன. கலிஃபோர்னியாவின் பானிங் ஊரில் இருந்த அப்போலோ மாஸ்டர்ஸ், 2020 பிப்ரவரி 6 அன்று தீயில் அழிந்துபோனது. மிஞ்சியது ஜப்பானில் உள்ள எம்.டி.சி. மென்பொருளில் நாங்கள் எப்போதும் பயப்படும் நிலை இது: ஒரே ஒரு இடம் நின்றால் எல்லாமே நிற்கும். லேக்கர் இல்லாமல் செப்புத் தட்டில் நேரடியாக வெட்டும் முறை ஒன்று 1980-களில் ஜெர்மனியில் வந்தது. ஆனால் அதற்கான லேத்துகள் இன்னும் அரிது.

அம்மம்மாவின் கேசட்

சென்ற வருடம் இங்கே ஒரு தமிழ்க் குடும்பம் என்னைத் தேடி வந்தது. முப்பது வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். அந்த அண்ணா கையில் ஒரு கேசட். "தம்பி, இது அம்மம்மா பாடினது. மற்றப் பக்கத்தில மகளின்ட பாட்டையும் சேர்த்து ஒரு ரெக்கோட்டாப் போட ஏலுமோ?" என்று கேட்டார்.

முதலில் நான் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. "அண்ணா, லேக்கர்ல வெட்டித் தரலாம். ஆனா அது மெத்துன்னு இருக்கிற பூச்சு. ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் கொஞ்சம் தேயும்."

"அப்ப என்ன, கேட்கக் கேட்க அழிஞ்சு போகுமோ?"

ஆமாம், அதுதான் உண்மை. வழக்கமாக லேக்கரை யாரும் வீட்டில் ஓட்டுவதில்லை. அதன்மேல் வெள்ளி பூசி, நிக்கல் படியவைத்து, உரித்து எடுப்பார்கள். முதலில் வரும் எதிர்வடிவத்துக்குத் தொழிலில் 'அப்பா' என்றே பெயர். அதிலிருந்து எடுப்பது 'அம்மா'. அம்மாவிலிருந்து பிறப்பவைதான் ரெக்கார்டை அழுத்தும் அச்சுகள். இத்தனை செலவும் நூற்றுக்கணக்கில் அழுத்தினால்தான் கட்டுப்படியாகும்.

ஸ்டூடியோவில் சின்ன லேத் ஒன்றும் உண்டு. அதில் வைர ஊசியால் பி.வி.சி. தட்டிலேயே நேரடியாக வெட்டலாம். ஒரு காப்பி மட்டும் போதும் என்றால் அதுதான் வழி, சாதாரண ரெக்கார்டு போலவே உழைக்கும். அப்படியே முடிவானது.

மகளின் பாட்டில் எங்களுக்கு இரண்டு சவால். மிருதங்கத்துக்கு இரண்டு மைக் வைத்து, தொப்பிப் பக்கத்தை முழுக்க இடது சேனலில் வைத்திருந்தார்கள். தாழ்ந்த ஒலி ஒரு பக்கம் மட்டும் இருந்தால் ஊசி மேலும் கீழும் குதிக்கும், பள்ளம் சில இடத்தில் மறைந்தே போகலாம். எனவே தாழ்ந்த ஒலியை மட்டும் நடுவுக்குக் கொண்டுவந்தோம். இரண்டாவது, கல்பனாஸ்வரம். 'ஸ' என்ற எழுத்து ரெக்கார்டு வெட்டுபவருக்குப் பரம எதிரி, சீறல் ஒலியில்தான் காயில் சூடாகும். நம் சங்கீதமோ ஸ-வில்தானே தொடங்குகிறது! தட்டின் விளிம்பில் பள்ளம் விநாடிக்கு 50 சென்டிமீட்டர் ஓடுகிறது. நடுவுக்குப் போனால் 21 சென்டிமீட்டர்தான், அங்கே சீறல் இன்னும் கரகரக்கும். ஸ்வரம் வரும் உருப்படியை விளிம்பிலும், அமைதியான விருத்தத்தை நடுப்பக்கமும் வைத்தோம்.

அம்மம்மாவின் பக்கத்தில் பெரியவர் எதையுமே தொடவில்லை. கேசட் இரைச்சலை நீக்கட்டுமா என்று கேட்டேன். மொழி புரியாமலேயே இரண்டு முறை கேட்டார். "குரலோடு சேர்ந்த மூச்சும் போய்விடும், விட்டுவிடு" என்றார்.

எழுதிவைக்க முடிவது, முடியாதது

அடுத்த வருடம் அவர் ஓய்வு பெறுகிறார். இருபத்து நாலு வயதுப் பெண் ஒருத்தி அவரிடம் முழுநேரமும் பழகுகிறாள். என் வேலை அவர் செய்வதை எல்லாம் எழுதி, படம் பிடித்து, அவள் கையில் கொடுப்பது. எந்த ஸ்க்ரூவுக்கு எத்தனை திருப்பம், எந்த ரிலே அடிக்கடி ஒட்டும், எந்த ரப்பர் வளையத்துக்கு எந்தக் கடையில் மாற்று கிடைக்கும். இதுவரை 140 பக்கம் ஆகியிருக்கிறது. இயந்திரத்தோடு வந்த கையேட்டில் இவற்றில் பாதிகூட இல்லை.

அப்பாவின் பட்டறையை 2016-இல் விற்றோம். லேத் சத்தத்தை வைத்தே டூல் மழுங்கிவிட்டது என்று சொல்வார் அவர். அதை யாரும் எழுதிவைக்கவில்லை. பெர்லின் பெரியவரும் அப்படித்தான். சுருள் குழாய்க்குள் போகும் சத்தம் மாறினால், மைக்ரோஸ்கோப்பைப் பார்க்காமலே ஊசிச் சூட்டைக் குறைக்கிறார். "எப்படித் தெரிஞ்சுது?" என்றால் தோளைக் குலுக்குகிறார். அந்த இடத்துக்கு வந்ததும் என் நோட்டில் ஒரு வரி மட்டும் எழுதியிருக்கிறேன்: 'இதற்கு அவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.' அந்தப் பெண் தினமும் உட்காருகிறாள். போன மாதம் முதல்முறையாக, அவர் கை நீட்டுவதற்கு ஒரு கணம் முன்னால் அவள் கை சூட்டுத் திருகிக்குப் போனது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து காப்பி போடப் போனார்.