சிலிகோன் மார்பகப் பை: பயமும் உண்மையும்

சங்க மலரில் இப்படி ஒரு தலைப்பா என்று சிலர் முகம் சுளிக்கலாம். மார்பகத்தைப் பற்றி வாய்விட்டுப் பேசக் கூச்சப்படுவது நம் வீடுகளில் பழக்கமாகிவிட்டது. ஆனால் இந்தியப் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். அதற்காக மார்பை அகற்றிய பிறகு, இழந்த வடிவத்தைத் திரும்பப் பெற சிலிகோன் பை வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அழகுக்காக வைத்துக்கொள்பவர்களும் உண்டு. எனவே 'இதெல்லாம் சினிமாக்காரர்கள் சமாச்சாரம்' என்று ஒதுக்கிவிட முடியாது.

சிலிகோன் என்பது மணலில் உள்ள சிலிக்கன் என்ற தனிமத்தை மூலமாகக் கொண்ட செயற்கைப் பொருள். குழந்தையின் பால் புட்டிக்கு வாங்கும் ரப்பர் போன்ற காம்பும் பெரும்பாலும் இதனால் ஆனதே. மார்பகப் பையில் வெளித்தோல் ரப்பர் போலவும், உள்ளே இருப்பது கெட்டிக் கூழ் போலவும் இருக்கும். 1962-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டாக்டர்கள் தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ இருவரும் முதன்முதலாக இதை ஒரு பெண்ணுக்குப் பொருத்தினார்கள். மருத்துவக் கருவிகளை முறைப்படுத்தும் சட்டம் அங்கே 1976-ல்தான் வந்தது. அதற்கு முன்பே இந்தப் பை சந்தைக்கு வந்துவிட்டது.

புகார்கள் எழுந்தன

பை வைத்துக்கொண்ட சில பெண்களுக்கு மூட்டு வலி, தீராத அசதி, மறதி, முடி கொட்டுதல், தோல் தடிப்பு என்று ஒவ்வொன்றாக வந்தன. 'எல்லாம் மனசுதான் காரணம்' என்ற பதிலைக் கேட்டவர்கள் பலர். வழக்குகள் குவிந்தன. 1992-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதன் உபயோகத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1995-ல் தயாரிப்பாளரான டோ கார்னிங் நிறுவனம் திவால் மனு போட்டது. 1999-ல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் நிபுணர் குழு, உடல் முழுவதையும் பாதிக்கும் நோய்களுக்கு இந்தப் பை காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. ஆனால் பை கிழிவது, மார்பு இறுகிப்போவது, திரும்பத் திரும்ப ஆபரேஷன் செய்ய நேர்வது ஆகியவை உண்மையான தொல்லைகள் என்றும் சொன்னது. 2006-ல் மீண்டும் அனுமதி கிடைத்தது.

விஷயம் அத்துடன் முடியவில்லை. பிரான்சில் பி.ஐ.பி. என்ற கம்பெனி மருத்துவத் தரமில்லாத, தொழிற்சாலை உபயோகத்துக்கான சிலிகோனை நிரப்பி விற்றது 2010-ல் வெளிவந்தது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 3 லட்சம் பெண்கள். அதை நிறுவியவருக்கு 2013-ல் 4 வருடச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்து, சொரசொரப்பான மேல்பரப்பு கொண்ட பைகளைச் சுற்றி லிம்போமா என்ற அரிய புற்றுநோய் வருவது தெரிந்தது. 2019 ஜூலையில் அல்லர்கன் நிறுவனம் அப்படிப்பட்ட தன் பைகளை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது.

2021 அக்டோபரில் அமெரிக்க நிர்வாகம் கட்டம் கட்டிய எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. இந்தப் பை ஆயுள் முழுக்க வைத்திருப்பதற்கானது அல்ல. வருடம் ஏற ஏறச் சிக்கலும் கூடும். மூட்டு வலி, அசதி போன்றவை வந்ததாகப் பெண்கள் கூறியிருக்கிறார்கள். பையை எடுத்தபின் அவை நீங்கியதாகச் சிலர் கூறியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. 'மனசுதான்' என்று தள்ளப்பட்ட பேச்சு, கடைசியில் எச்சரிக்கை வாசகமாகவே அச்சேறியது.

எடுத்துவிட்டால் சரியாகுமா?

இதற்கு ஒரே வரியில் பதில் கிடையாது. இந்த உபாதைகளைக் கண்டுபிடிக்கத் தனி ரத்தப் பரிசோதனை இல்லை. தைராய்டு, ரத்தசோகை, முடக்குவாதம், மாதவிடாய் நிற்கும் காலம் ஆகியவற்றிலும் இதே அறிகுறிகள் வரும். முதலில் அவற்றைப் பார்த்துவிட வேண்டும். தொந்தரவு எதுவும் இல்லாதவர்கள் பயந்துபோய் எடுக்க வேண்டியதில்லை.

பையைச் சுற்றி உடம்பு தானாகவே ஒரு தழும்புச் சவ்வை உண்டாக்கிக்கொள்ளும். லிம்போமா இருந்தால் பையோடு சவ்வையும் முழுமையாக எடுத்தே ஆகவேண்டும். மற்றவர்களுக்கு எப்போதும் அது அவசியமில்லை. விலா எலும்பில் ஒட்டிய சவ்வைச் சுரண்டி எடுப்பதில் ரத்தப்போக்கும், நுரையீரல் பக்கம் காயமும் ஏற்படும் அபாயம் உண்டு. எடுத்தபின் மார்பு தளர்ந்து போகலாம் என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

கவனத்தில் வைக்க வேண்டியவை

மாற்றல் வந்து ஊர் ஊராகப் போகிற நம் குடும்பங்களில் மருத்துவக் காகிதங்கள்தான் முதலில் தொலையும். பையின் கம்பெனி, லாட் எண், வழவழப்பா சொரசொரப்பா என்ற விவரம் உள்ள அட்டையை ரேஷன் கார்டு போலப் பத்திரப்படுத்துங்கள். பை சத்தமில்லாமல் கிழிந்திருக்கலாம். அதனால் 5, 6 வருடத்தில் ஒரு அல்ட்ராசவுண்டு அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், பிறகு 2, 3 வருடத்துக்கு ஒருமுறையும் அமெரிக்காவில் பரிந்துரைக்கப்படுகிறது. மேமோகிராம் எடுக்கும்போது பை இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். பல வருடம் கழித்து ஒரு பக்கம் திடீரென்று வீங்கினால் தள்ளிப்போடக் கூடாது. மருத்துவக் கருவிகளால் வரும் தீங்குகளைப் பதிவு செய்ய 2015-ல் தொடங்கிய தேசியத் திட்டம் ஒன்று நம் நாட்டிலும் உண்டு. காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை நடத்துகிறது.

வீட்டில் ஒரு பெண் 'உடம்பு என்னவோ பண்ணுது' என்று சொன்னால், 'உனக்கு எப்பவும் இதே பேச்சுதான்' என்று வாயை அடைக்காதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பையின் அட்டையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.