வெள்ளி ரூபாயை எடைக்குப் போடலாமா? பழைய நாணயத்துக்குப் பேரம் பேசும்போது கவனிக்க வேண்டியவை

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டை போன்ற நெசவு ஊர்களில் பழைய பட்டுப்புடவை வாங்கும் வியாபாரிகளை எல்லோருக்கும் தெரியும். புடவை கிழிந்திருந்தாலும் கவலையில்லை. ஜரிகையில் எவ்வளவு வெள்ளி தேறும் என்று பார்த்து ஒரு விலை சொல்வார்கள். அதே கணக்கில் பாட்டியின் பெட்டியில் இருந்த பழைய வெள்ளி ரூபாயையும் கேட்டால் கொடுக்கலாமா?

கூடாது என்கிறார்கள் நாணயம் சேகரிப்பவர்கள். ஜரிகைக்கு உருக்கு விலைதான். நாணயத்துக்கு அதற்கு மேலும் ஒரு விலை உண்டு. அந்த இடைவெளியில்தான் பேரமும் நடக்கிறது, ஏமாற்றும் நடக்கிறது.

அடிமட்ட விலை எது?

விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ஒரு ரூபாய் நாணயத்தின் எடை 11.66 கிராம். அதில் 91.7 சதவீதம் வெள்ளி. அதாவது சுமார் 10.69 கிராம் சுத்த வெள்ளி. 1940-களில் வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது, சுமார் 5.83 கிராம்தான். 1947 ரூபாய் நிக்கல். அதில் வெள்ளியே கிடையாது.

கணக்குக்காக வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் வகை நாணயத்தில் உள்ள வெள்ளி மட்டும் 1,069 ரூபாய், இரண்டாவது வகையில் 583 ரூபாய். அன்றைய வெள்ளி விலையைப் போட்டு இதை யாரும் கணக்கிடலாம். பேரத்தின் தரைத்தளம் இதுதான்.

பழையது என்றால் விலை அதிகமா?

அப்படி இல்லை. 1862 என்று ஆண்டு பொறித்த விக்டோரியா ரூபாய், அதே ஆண்டுடன் தொடர்ந்து பல வருடங்கள் அச்சடிக்கப்பட்டது. அதனால் தாராளமாகக் கிடைக்கிறது. அதைவிட 77 வருடம் இளையதான 1939 ரூபாய் அரிது. எத்தனை நாணயங்கள் மிஞ்சியிருக்கின்றன, எந்த நிலையில் இருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதுதான் விலையை முடிவு செய்கிறது.

விற்பதற்கு முன் புளி போட்டுத் தேய்ப்பது பெரிய தவறு. பளபளப்பு வரும், விலை போய்விடும். சங்க காலப் பாண்டியரின் 'பெருவழுதி' நாணயத்தை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் நாணயவியல் ஆய்வாளரும் தினமலர் ஆசிரியராக இருந்தவருமான இரா. கிருஷ்ணமூர்த்தி. தமிழ் பிராமியில் பொறித்த அந்தப் பெயர்தான் அதன் மதிப்பே. தேய்த்து எழுத்து அழிந்தால், மிஞ்சுவது வெறும் செம்புத் துண்டு.

வாங்குபவருக்கான மரியாதை

நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடித்துப் பார்க்க வேண்டும். கேட்காமல் ஹோல்டரில் இருந்து வெளியே எடுக்கக் கூடாது.

வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டுமே விலை பேச வேண்டும். அதுவும் காலையில் போணி நேரத்தில் பேரத்தை இழுத்துவிட்டு "சும்மா கேட்டேன்" என்று நகர்ந்தால் எந்தக் கடைக்காரருக்கும் முகம் சுருங்கும்.

1,000 ரூபாய் சொன்னதை 200-க்குக் கேட்பது பேரம் இல்லை, அவமதிப்பு. "அண்ணே, ரெண்டா எடுத்துக்கறேன், கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று கேட்டால் விலை இறங்க வாய்ப்பு அதிகம். பொருளை மட்டம் தட்டிப் பேசுவதும் எடுபடாது. "இவ்வளவு மட்டமா இருந்தா ஏன் கேக்கறீங்க?" என்பதுதான் பதிலாக வரும்.

ஒருவர் கையில் நாணயத்தை வைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் நிற்பவர் "நான் கூட நூறு தர்றேன்" என்று நுழையக் கூடாது. அவர் கீழே வைக்கும் வரை காத்திருப்பதுதான் முறை. "சரி" என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு விலையைக் குறைக்கக் கேட்பது மரியாதை இல்லை.

விற்பவருக்கான மரியாதை

குறையை முதலில் சொல்லிவிட வேண்டும். காசுமாலைக்காகத் துளை போட்டு அடைத்தது, வளையம் பற்றவைத்த தடம், தேய்த்துச் சுத்தம் செய்தது எல்லாமே விலையைக் குறைக்கும். நாணயம் போலி என்று பின்னால் தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தருவேன் என்று பில்லில் எழுதித் தருபவரை நம்பலாம். ஆள் பார்த்து விலை சொல்பவரிடம் இரண்டாவது முறை யாரும் வர மாட்டார்கள்.

கம்பெனி பெயரும் 1818 போன்ற ஆண்டும் போட்டு, ராமர், அனுமன் உருவத்துடன் வரும் 'அரை அணா' செம்புக் காசுகளில் கவனம் தேவை. அவை கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்ட நாணயங்கள் அல்ல, பிற்காலத்தில் செய்யப்பட்டவை. தெரிந்தே அதை அசல் என்று விற்பது மோசடி.

விற்பவருக்கு விவரம் தெரியாவிட்டால்?

இதுதான் கஷ்டமான கேள்வி. தறியில் பாவு ஏற்றப் பணம் இல்லாத ஒருவர், அவசரத்துக்கு நாலு நாணயம் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒன்று அரிது என்று வாங்குபவருக்குத் தெரியும், கொண்டுவந்தவருக்குத் தெரியாது. "என்ன விலை சொல்றீங்க?" என்று கேட்டு அவர் சொன்ன சில்லறையைக் கொடுத்து அனுப்பலாம். ஆனால் இருவருக்கும் ஒரே விவரம் தெரிந்தால்தான் அது பேரம். "இது ஒண்ணு மட்டும் தனி, இதுக்குத் தனி விலை" என்று சொல்லி, தன் லாபத்தைக் கழித்துக்கொண்டு நியாயமாகத் தருபவரிடம்தான் அடுத்த வீட்டுப் பெட்டியும் வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மண்ணுக்கு அடியில் கிடைத்த காசுக்குப் பேரமே கூடாது. 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 100 வருடம் கடந்த நாணயம் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

'லட்சம் தர்றோம்' என்று போன் வந்தால்?

வைஷ்ணவ தேவி படம் போட்ட நாணயத்துக்கு லட்சக்கணக்கில் தருவதாக வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். பழைய நாணயம், நோட்டு வாங்கி விற்பதில் தங்களுக்குச் சம்பந்தமில்லை, அதற்காகக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. நாணயத்தை விற்பவர் பணம் வாங்க வேண்டும், கட்டக் கூடாது. "முதலில் ஜிஎஸ்டி கட்டுங்க" என்று யாராவது சொன்னால் போனைத் துண்டித்துவிடலாம். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும்.

மொத்தத்தில், நாணயத்தை எடை போட்டுப் பாருங்கள், ஆண்டைப் படியுங்கள், தேய்க்காதீர்கள். குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள். இன்றைக்கே கொடு என்று அவசரப்படுத்துபவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.