மாற்று மருத்துவத்தில் தசைச் சோதனை: ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

நோயாளியின் தசை வலிமையைக் கையால் சோதித்து, அவருக்குரிய ஒவ்வாமை, சத்துக் குறைபாடு முதலியவற்றை அறியலாம் என்னும் கருத்து மாற்று மருத்துவத்தில் வழங்கி வருகிறது. இம்முறையின் தோற்றத்தையும் செயற்படும் விதத்தையும் விளக்கி, மறைப்பு ஆய்வுகளின் வழி அதன் ஏற்புடைமையை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: தசைச் சோதனை, அப்ளைடு கினீசியாலஜி, கருத்தியக்கம், இரட்டை மறைப்பு ஆய்வு, ஒவ்வாமை

முன்னுரை

நோயாளி ஒரு கையை நீட்டி நிற்கிறார். சோதிப்பவர் மணிக்கட்டின் மேல் கைவைத்துக் கீழ்நோக்கி அழுத்துகிறார், கை தாழவில்லை. பின்னர், கோதுமை அடங்கிய குப்பியொன்று நோயாளியின் மறுகையில் தரப்படுகிறது. மீண்டும் அழுத்தியதும் கை தாழ்ந்துவிடுகிறது. கோதுமை அவருக்கு ஒவ்வாது என முடிவு கூறப்படுகிறது. இதில் ஊசி இல்லை, குருதி எடுப்பதில்லை, விடையை நோயாளி தம் உடலிலேயே உணர்கிறார். இம்முறையின் ஈர்ப்புக்கு இதுவே காரணம் எனலாம். கை தாழ்ந்தது உண்மை. அது எதற்குச் சான்றாகிறது என்பதே ஆய்வுக்குரிய வினாவாகும்.

இரு மரபுகள்

தசை வலிமையைக் கையால் அளவிடும் வழக்கம் பொது மருத்துவத்துக்கு உரியது. 1910களில் பாஸ்டன் நகரில் எலும்பு மருத்துவர் ராபர்ட் லவெட்டும் அவருடன் பணியாற்றிய வில்ஹெல்மின் ரைட்டும் இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டோரின் தசைகளைத் தரப்படுத்த இதனைப் பயன்படுத்தினர். இன்றும் நரம்பியல் மருத்துவர்களும் இயன்முறை மருத்துவர்களும் 0 முதல் 5 வரையிலான அளவுகோலில் தசை வலிமையைக் குறிக்கின்றனர். இங்குத் தசையிடம் கேட்கப்படும் வினா தசையைப் பற்றியதே.

1964இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரைச் சேர்ந்த கைரோபிராக்டிக் மருத்துவர் ஜார்ஜ் குட்ஹார்ட் இச்சோதனையை வேறு திசையில் விரித்தார். ஒவ்வொரு தசையும் ஓர் உள்ளுறுப்போடு தொடர்புடையது என்றும், தசையின் தளர்ச்சி அவ்வுறுப்பின் நிலையைக் காட்டும் என்றும் அவர் கருதினார். இதுவே ‘அப்ளைடு கினீசியாலஜி’ எனப் பெயர்பெற்றது. 1973இல் ஜான் தை வெளியிட்ட நூலின் வழி இதன் எளிய வடிவம் பொதுமக்களிடமும் பரவியது. செய்முறை பழையதாகவே இருக்க, வினா மட்டும் மாறியது. பழைய முறைக்குரிய மதிப்பு புதிய வினாவுக்கும் சென்று சேர்ந்ததை இங்குக் கருத்திற்கொள்ள வேண்டும்.

சோதிப்பவரின் பங்கு

இச்சோதனையில் இரண்டு தசைகள் எதிரெதிராகச் செயற்படுகின்றன. சோதிப்பவர் சற்று விரைவாக அழுத்தினாலும், மணிக்கட்டிலிருந்து ஓரிரு விரற்கடை விலகி அழுத்தினாலும், நோயாளி ஆயத்தமாகும் முன் அழுத்தினாலும் முடிவு மாறும். இம்மாற்றங்களை அவர் வேண்டுமென்றே செய்யத் தேவையில்லை. எதிர்பார்ப்பு ஒன்றே தசையைத் தன்னறிவின்றி இயக்கும் என்பதை 1852இல் வில்லியம் கார்ப்பென்டர் விளக்கினார், இதுவே கருத்தியக்கம். ஆவிகளால் நகர்வதாகக் கருதப்பட்ட மேசைகளை நகர்த்தியவை அவற்றைத் தொட்டிருந்தோரின் கைகளே என்பதை 1853இல் மைக்கேல் ஃபாரடே சோதனையால் காட்டினார். குப்பியில் உள்ளது கோதுமை என்பதைச் சோதிப்பவரும் நோயாளியும் அறிந்திருக்கையில், இருவர் கைகளும் அவ்வறிவுக்கு ஆட்பட்டவையே. இருவரும் நேர்மையாளராக இருப்பினும் இது நிகழும்.

மறைப்பு ஆய்வுகள்

எனவே, பொருள் இன்னதென இருவரும் அறியாதவாறு சோதிப்பதே தக்க வழியாகும். 1988இல் வெளிவந்த ஆய்வொன்றில், தேர்ச்சி பெற்ற மூவர் 11 பேரை நான்கு சத்துகள் குறித்துத் தனித்தனியே சோதித்தனர். மூவரின் முடிவுகளும் தம்முள் பொருந்தவில்லை. ஆய்வகச் சோதனைகளோடும் பொருந்தவில்லை. குளவி நஞ்சு ஒவ்வாமை உறுதிசெய்யப்பட்டோரிடம் நஞ்சையும் வெற்றுப்பொருளையும் கொண்டு நடத்தப்பெற்று 2001இல் வெளியான ஆய்வு, இச்சோதனை ஊகித்துக் கூறுவதைவிடப் பயனுடையதன்று என முடிவுகண்டது.

உளவியலாளர் ரே ஹைமன் பதிவுசெய்துள்ள நிகழ்வு ஒன்றும் இங்கு நினைக்கத்தக்கது. குளுக்கோஸ் கையைத் தளர்த்தும், ஃபிரக்டோஸ் தளர்த்தாது என வெளிப்படையாகச் செய்துகாட்டிய மருத்துவர்கள், மறைப்பு முறையில் அவ்விரண்டையும் வேறுபடுத்த இயலாது போயினர். அதன்பின் அவர்களுள் தலைமையானவர், இத்தகைய சோதனைகள் சரிவருவதே இல்லை என்பதால்தான் தாங்கள் அவற்றைச் செய்வதில்லை என்றாராம். சோதனை முறையை ஐயுற்றாரேயன்றித் தம் கையை அவர் ஐயுறவில்லை.

எதிர்வாதமும் விளைவும்

தேர்ந்த இருவர் ஒரே தசையின் வலிமையை ஒத்த அளவில் மதிப்பிடுவதைச் சான்றாகக் காட்டுவோர் உளர். இங்கு நம்பகத்தன்மையும் ஏற்புடைமையும் மயங்குகின்றன. தசை தளர்ந்ததென இருவரும் ஒப்புதல், தளர்ச்சிக்குக் கோதுமையே காரணம் என்பதை நிறுவாது.

இம்மயக்கத்தின் விளைவு எளியதன்று. ஒவ்வாதவை என்று பால், கோதுமை, முட்டை ஆகியவை விலக்கப்படும் குழந்தை வளர்ச்சிக்குரிய சத்துகளை இழக்க நேரிடும். மெய்யாகவே ஒவ்வாமை உடையவர் தமக்கு அது இல்லையென நம்பினால், அடுத்த குளவிக்கொட்டு உயிருக்கே ஊறு செய்யலாம். இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குழந்தைகளின் உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இம்முறையைப் பயன்படுத்தலாகாது என வெளிப்படையாகக் கூறுகிறது.

முடிவுரை

தசைச் சோதனை தசையின் வலிமையை அறியப் பயன்படும் நல்ல கருவி. குப்பியில் உள்ள பொருளை அறியும் ஆற்றல் அதற்கு இருப்பதாக மேற்கண்ட மறைப்பு ஆய்வுகள் காட்டவில்லை. மாற்று மருத்துவ முறைகளை ஆராய்வோர், நோயாளியின் அனுபவத்தைப் பொய்யென ஒதுக்காமலும் அதனையே சான்றாகக் கொள்ளாமலும் அணுகுதல் வேண்டும். விடையை முன்னரே அறிந்த கை அச்சோதனையில் பங்கேற்கிறதா என்பதே அவர்கள் முதலில் எழுப்பவேண்டிய வினாவாகும்.